பண்ருட்டியில் ஒரு எட்டுக்கால் விருந்தாளி

"தம்பி, உடனே கிளம்பி வா. உன் மருமகன் வீட்டுல பூச்சி வளர்க்கறான்!"

பண்ருட்டியிலிருந்து அக்கா போன் செய்தபோது நான் சாவகாசமாக, "பட்டுப்பூச்சியா அக்கா? நல்ல லாபமாச்சே" என்றேன். பி.காம். படித்தவனுக்கு எதைக் கேட்டாலும் முதலில் லாபம்தான் ஞாபகம் வரும்.

"பட்டுமில்ல, பருத்தியுமில்ல. எட்டுக்கால் பூச்சிடா! என் உள்ளங்கை அகலம். அதுக்குப் பேர் வேற வெச்சிருக்கான். சேலமாம்!"

சூலை நோய் தாங்காமல் அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு ஓடி வந்தவர் திருநாவுக்கரசர். அந்தத் திருவதிகை, பண்ருட்டிக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்து அக்காக்கள் சொன்னால் தம்பிகள் கேட்டே ஆக வேண்டும் என்பது ஏழாம் நூற்றாண்டிலேயே முடிவாகிப் போன சமாசாரம். சனிக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிலந்தி என்றால் பயம். பாத்ரூமில் சின்னதாக ஒன்று தென்பட்டால்கூட மனைவியைத்தான் கூப்பிடுவேன். அவள் துடைப்பத்தோடு உள்ளே போவாள். நான் வெளியே நின்று ஆலோசனை சொல்வேன். இப்பேர்ப்பட்ட வீரனைத்தான் அக்கா சமாதானத் தூதராக அழைத்திருந்தாள்.

ஜூன் மாதத்தில் பண்ருட்டியில் இறங்கினால் முதலில் வரவேற்பது மனிதர்கள் இல்லை, வாசனை! ரோட்டோரம் பலாப்பழங்கள் குன்று குன்றாகக் கிடந்தன. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருவர் பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக் கொண்டிருந்தார். எண்ணெய் தடவாமல் கை வைத்தால் பலாப்பால் ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் மசியாது. சில சொந்தக்காரர்கள் மாதிரி.

அக்கா வீடு பணிக்கன்குப்பம் பக்கம். செம்மண், முந்திரி, பலா. திண்ணையில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் அவரை மாமா என்பேன். அவர் பையன் என்னை மாமா என்பான். அந்த வீட்டில் யாராவது "மாமா" என்று குரல் கொடுத்தால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம்.

"வாப்பா. உள்ள போய்ப் பாரு. நான் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் தோணலை" என்றார் மாமா. அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது. கொடுத்து வைத்தவர்.

பையன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு பாங்க் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கிறான். மேஜை மேல் கைடுகள். கைடுகளுக்கு நடுவே, அக்கா முறுக்கு போட்டு வைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். உள்ளே நிமிர்த்தி வைத்த ஒரு பலாமரப் பட்டை. அடியில் ஈரமான தேங்காய் நார்த்தூள். சோடா பாட்டில் மூடியில் தண்ணீர்.

"எங்கேடா இருக்கு?"

"உங்க மூக்குக்கு நேரா இருக்கு மாமா."

எனக்குப் பட்டை மட்டும்தான் தெரிந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்து, நடுவில் ஒரு இலை ஒட்டிக்கொண்ட மாதிரி கோலம். அந்தக் கோலம் மெதுவாக ஒரு காலைத் தூக்கியது.

நான் நாற்காலி மேல் நின்றிருந்தேன். எப்போது ஏறினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

"பயப்படாதீங்க மாமா. முதல்ல இது பூச்சியே இல்ல. பூச்சிக்கு ஆறு கால்தான்" என்று ஆரம்பித்தான். எட்டு என்பது ஆறைவிடக் குறைவு என்பது போல அவன் சொன்ன தோரணை எனக்கு ஆறுதலாகத்தான் இல்லை. நாற்காலி மேல் நின்றபடியே பாடம் கேட்டேன்.

டாரன்டுலா என்று இங்கிலீஷ் சினிமாவில் காட்டுவார்களே, அந்தக் குடும்பம். அதில் 'பொசிலோதேரியா' என்று ஒரு கிளை. உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இவை இயற்கையாக வாழ்கின்றன. தரையில் வளை தோண்டுவதில்லை. பழைய மரங்களின் பொந்துகளிலும், உரிந்து நிற்கும் பட்டைக்கு அடியிலும்தான் குடித்தனம். வட்டமாக வலை பின்னி இரைக்குக் காத்திருக்கும் வேலையெல்லாம் கிடையாது. பொந்தின் உள்பக்கத்துக்கு மட்டும் நூலால் மெத்தை போட்டுக்கொள்ளும். பகலெல்லாம் தூக்கம். ராத்திரி வாசலுக்கு வந்து நிற்கும். விட்டிலோ கரப்பானோ அந்தப் பக்கம் வந்தால், வந்ததுதான்.

"கடிச்சா?" என்றேன். என் கவலை எனக்கு.

"இதனால மனுஷங்க செத்ததா இதுவரைக்கும் பதிவே இல்ல. ஆனா வலி பயங்கரமா இருக்கும். தசையெல்லாம் இழுத்துப் பிடிச்சுக்கும். சில பேருக்கு நாள் கணக்குல தொந்தரவு இருக்கும். அமெரிக்க டாரன்டுலாவுக்கு எதிரி மேல அரிப்பு முடியை உதறிவிடற வித்தை உண்டு. இதுக்கு அது கிடையாது. இதுக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். ஒண்ணு மின்னல் மாதிரி ஓடும். இன்னொண்ணு, ஓட வழியில்லைன்னா கடிக்கும். அதனால நான் கையில எடுக்கவே மாட்டேன்."

அதுவரை நல்ல பையன்!

"அது சரி, சேலம்னு ஏன் பேரு?"

"நான் வெக்கலை மாமா. உலகமே அப்படித்தான் கூப்பிடுது."

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலந்தி வளர்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அங்கே இந்தச் சாதிகளுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர்கள்தான். 'சேலம் ஆர்னமென்டல்', 'மைசூர் ஆர்னமென்டல்', 'ராமேஸ்வரம் ஆர்னமென்டல்'. மாம்பழத்துக்கும் இரும்பாலைக்கும் பேர் போன சேலத்தை, ஜெர்மனியில் யாரோ ஒருவர் எட்டுக் காலோடு ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது, பெருமைப்படுவதா வேண்டாமா என்று புரியவில்லை.

இவற்றில் சூப்பர் ஸ்டார், 'குத்தி சஃபையர்'. உடம்பு முழுக்க நீல நிறம். ஆந்திராவில் குத்தி என்ற ரயில்வே ஜங்ஷன் ஊரில் கிடைத்த ஒரு சிலந்தியை வைத்து, 1899-ல் போகாக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அப்புறம் 102 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். எங்கே? குத்தியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில்! குத்தி ஸ்டேஷனுக்கு அது ரயிலில் வந்த மரக்கட்டைகளோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது டிக்கெட் எடுக்காத பயணி! வித்தவுட்டில் வந்து இறங்கிய ஊரின் பெயரே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டுச் சந்தைக்கு முதலில் வந்தபோது இதன் குட்டி ஒன்றே 500 டாலருக்கு மேல் விலை போனதாம். சொந்தக் காடோ 100 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2008-ல் இதை 'அழிவின் விளிம்பில்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம், அதே பட்டியலில், நம்ம ராமேஸ்வரம் சிலந்தியும் சேர்ந்தது. அதற்கு 2004-ல் அறிவியல் பெயர் வைத்தபோது, ராமேஸ்வரத்து அனுமன் கோயில் ஒன்றின் பெயரையே வைத்தார்கள். அனுமன் பெயர் வைத்தும் ஆபத்து விலகவில்லை.

"இதை எங்கேடா வாங்கினே?"

"சென்னையில, ஹாஸ்டல் ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட. மூவாயிரம் ரூபா."

"பில்?"

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ஆனால் ஒரு காமர்ஸ் பட்டதாரி வேறு என்ன கேட்பான்? பில் இல்லாத சரக்கு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். என் வயிறு கலங்கியது நியாயம்தான் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

உலக நாடுகளுக்கிடையே காட்டு உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் 'சைட்டீஸ்' என்று ஒரு ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1976-ல் அதில் சேர்ந்தது. 2019-ல் ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில் இந்த மரச்சிலந்திக் கிளை முழுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் ஒரு திருத்தம் வந்தது; 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. சைட்டீஸ் பட்டியல் உயிர்களை உயிரோடு வீட்டில் வைத்திருப்பவர்கள் அரசாங்கத்துக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகளும் 2024-ல் வந்துவிட்டன. பையனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

2021 ஜூலையில் பேப்பரில் வந்த செய்தி ஞாபகம் இருக்கிறதா? போலந்திலிருந்து அருப்புக்கோட்டை விலாசத்துக்கு ஒரு பார்சல். சென்னையில் சுங்கத்துறைக்காரர்கள் பிரித்தால், தெர்மகோல் பெட்டிக்குள் வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய 107 குட்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 உயிர்ச் சிலந்திகள்! தென் அமெரிக்கா, மெக்ஸிகோ பக்கத்து டாரன்டுலாக்களாக இருக்கும் என்று கண்டுபிடித்து, வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். உரிமம் இல்லை, ஆரோக்கியச் சான்று இல்லை. வீட்டில் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருப்பவன் என்ன, அந்த அருப்புக்கோட்டை பார்சலுக்குத் தம்பிதான்.

"பாங்க் வேலைக்குப் போகப் போறவன் மேல கேஸ் வந்தா என்னடா ஆகும்?" என்றேன். அவன் முகம் சுண்டிப் போயிற்று. அவனுக்கும் அது தெரியாமல் இல்லை.

சாயங்காலம் மாமாவோடு தோப்புக்குப் போனேன். நடுவில் ஒரு கிழட்டுப் பலா. இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். மார்பு உயரத்தில் ஒரு பெரிய பொந்து.

"தானே புயல் ஞாபகம் இருக்கா?" என்றார் மாமா. மறக்குமா? 2011 டிசம்பர் 30. விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரத்தில் பேரன் சாப்பிடுவான் என்பார்களே, அந்தத் தாத்தா மரங்கள். "இந்தத் தோப்புல விடிஞ்சப்போ நின்னது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அப்புறம் வெச்ச கன்னுங்க. காய்க்குது, இல்லேன்னு சொல்லலை. ஆனா பொந்து ஏது? பொந்து விழ ஒரு ஆயுசு ஆவணும்."

மர வியாபாரி வந்து நாற்பதாயிரம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பொந்து இல்லாவிட்டால் இன்னும் கூடக் கிடைக்குமாம். பையனின் கோச்சிங் ஃபீஸ் பாக்கி இருக்கிறது. "புதன்கிழமை வரேன்னுட்டுப் போனாரு" என்றார் மாமா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கை மட்டும் மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

எனக்குக் காலேஜில் படித்த 'தேய்மானம்' ஞாபகம் வந்தது. கணக்குப் புத்தகப்படி இந்த மரம் வருஷா வருஷம் மதிப்பு குறைந்து கொண்டிருக்கும் சொத்து. பொந்து விழுந்தால் பலகை தேறாது. ஆனால் பொந்தில் குடியிருப்பவன் கணக்கு நேர் எதிர். அவனுக்குப் பலகை பைசா பெறாது, பொந்துதான் சொத்து. மாங்குளத்தில் நடந்தது அதுதான். வட இலங்கையில் இருக்கும் அந்த ஊர்ப் பக்கம் போர் முடிந்த பிறகு ஒரு புது மரச்சிலந்தி கிடைத்தது. 2012-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள், ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காட்டு வழியில் துணையாக வந்த ஒரு போலீஸ் அதிகாரியின் ஞாபகமாக. அந்தச் சிலந்தி கிடைத்த இடங்களில் ஒன்று, ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸ்! பழைய மரங்கள் குறைந்துகொண்டே போனால் அதுவும் எங்கேதான் போகும்? வீட்டு வாடகை ஏறினால் நாம் ஊருக்கு வெளியே போவது மாதிரி, அது ஊருக்கு உள்ளே வந்துவிட்டது.

மறுநாள் காலை அக்காவின் அலறலில் எழுந்தேன்.

"செத்துப் போச்சு! நான் ஒண்ணும் பண்ணலைடா, பெருக்கத்தான் வந்தேன்!"

டப்பாவுக்குள் சேலம் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதி. கேஸ் இல்லை, பதிவு இல்லை, பிரச்னை தானாகவே தீர்ந்தது. அக்கா முறத்தை எடுத்து வந்தாள்.

"தொடாதீங்க!" பையன் பாய்ந்து வந்தான். "சாகலை. சட்டை உரிக்குது. இப்போ டப்பாவை ஆட்டினாலே செத்துடும்."

பாம்பு மாதிரி சிலந்தியும் சட்டை உரிக்கும். டாரன்டுலா அதற்கு மெத்தை போட்டு மல்லாந்து படுத்துக்கொள்ளும். மல்லாந்தால் செத்தது என்று நினைத்துத் தூக்கி எறியப்பட்ட செல்லச் சிலந்திகள் உலகத்தில் எத்தனையோ! நாங்கள் நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மேல் ஓடு மூடி மாதிரி திறந்தது. உள்ளிருந்து ஒவ்வொரு காலாக, ஈரமாக, வெளுப்பாக, இழுத்து இழுத்து... அக்கா கையில் முறத்தோடு அப்படியே நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. ராத்திரி, அது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தபோது, பையன் நீளமான இடுக்கியால் சட்டையை மெதுவாக வெளியே எடுத்தான். தண்ணீரில் ஊற வைத்து, மாமாவின் லென்ஸை வாங்கி அடிவயிற்றுப் பக்கம் பார்த்தான். உரித்த சட்டையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுமாம்.

"பொண்ணு" என்றான்.

"பொண்ணா?" என்றாள் அக்கா. முறம் கீழே இறங்கியது.

"ஆண்னா பருவம் வந்ததும் ஜோடி தேடிப் புறப்பட்டுடும். ரொம்ப நாள் இருக்காது. பொண்ணு பத்து வருஷத்துக்கு மேல இருக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தாள். "பத்து வருஷம்... இந்த முறுக்கு டப்பாவுலயா?" என்றாள்.

நான் சட்டம், சைட்டீஸ் என்றெல்லாம் ஒரு நாள் முழுக்கப் பேசியும் அசையாதவன், அந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்தான்.

"நம்ம மரத்துப் பொந்துல விட்டுடலாமாப்பா?" என்றான்.

அதுவும் சரியில்லை என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. எந்தக் காட்டில் பிடித்தது, யார் வளர்த்தது என்றே தெரியாது. என்ன நோய் கொண்டு வந்திருக்கிறதோ. சேலத்துப் பெண்ணை பண்ருட்டியில் கொண்டுவந்து விட்டால், அதற்கும் நல்லதில்லை, பொந்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் நல்லதில்லை. கடலூரில் வனத்துறை ஆபீஸ் இருக்கிறது. உள்ளதைச் சொல்லி ஒப்படைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"என்ன கேட்டாலும் நானே பதில் சொல்றேன் மாமா" என்றான் பையன். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் சொன்னான்.

புது உடம்பு கெட்டியாக இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஆட்டக்கூடாது. நான் ஊருக்குத் திரும்பி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பஸ் ஏறினேன். தோப்பைத் தாண்டித்தான் வீடு. கிழட்டுப் பலா நின்று கொண்டிருந்தது!

"வியாபாரி வரலையா மாமா?"

"வந்தாரு. வாடகைக்கு ஆள் இருக்கு, காலி பண்ணச் சொல்ல முடியாதுன்னுட்டேன்" என்றார் மாமா. அந்தப் பொந்திலிருந்து ஒரு ஜோடி மைனா எட்டிப் பார்த்தது. கோச்சிங் ஃபீஸுக்கு அக்காவின் வளையல் ஒன்று போயிருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கடலூர் பஸ்ஸில் ஒயர் கூடைக்குள் டப்பா, டப்பா மேல் துண்டு. கூடை என் மடியில்! ஒரு மாதம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நெல்லிக்குப்பம் தாண்டியதும் கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பலாச்சுளையா?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "இல்லீங்க, சேலம்."

"இது கடலூர் வண்டி சார். சேலம் போகாது. பண்ருட்டியிலயே கேட்டு ஏறக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார்.

ஆபீஸில் பையனை உட்கார வைத்து எல்லாம் விசாரித்தார்கள். அவனே கைப்பட எழுதிக் கொடுத்தான். இனிமேல் இந்த மாதிரி வாங்கக்கூடாது என்று புத்திமதி சொன்னார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பில் இல்லாமல் வந்த சரக்குக்குக் கடைசியில் ஒரு ரசீது கிடைத்தது. என் ஆத்மா சாந்தி அடைந்தது.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அக்கா.

"குடுத்தாச்சா?"

"ஆச்சு அக்கா. ஒரு பிரச்னையும் இல்ல. இனிமே நிம்மதியா இரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏன்டா தம்பி, சட்டை உரிச்சதுலருந்து அது சரியா சாப்பிடலையே... அங்க அதுக்குக் கரப்பான் போடுவாங்களா?"